சனி, ஞாயிறு கார் இல்லை: அணைக்கட்டு ஓரம் ஒரு சைக்கிள் சாலை

பிள்ளைக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்துட்டோம். ஆனா ரோட்டில் ஓட்ட விட பயம். பின்னால் எந்த வண்டி எப்படி வருமோ என்ற கவலை எல்லா வீட்டிலும் உண்டு. ஹெல்மெட் போட்டாலும் அந்தக் கவலை போகாது. கார் வராத சாலை கிடைத்தால்தான் போகும்.

அப்படி ஒரு சாலை இங்கிலாந்தில் இருக்கிறது. புதிதாகப் போட்டது இல்லை. ஏற்கெனவே இருந்த தார் சாலையைக் கூட்டம் அதிகமாக வரும் நாட்களில் மட்டும் கார்களுக்கு மூடி வைக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும், நம் ஊருக்கு அதில் என்ன பாடம் என்று பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

ஷெஃபீல்டு நகருக்கு மேற்கே, பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் டெர்வென்ட் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1951-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காதான் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. டெர்வென்ட் ஆற்றின் மேல் வரிசையாக மூன்று நீர்த்தேக்கங்கள். மேலே ஹவ்டன், நடுவில் டெர்வென்ட், கீழே லேடிபவர். இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த சரிவு, அதற்கு மேல் மொட்டை மலை.

மேலே உள்ள இரண்டும் கருங்கல் போல உறுதியாகக் கல்லால் கட்டிய அணைகள். ஹவ்டன் 1912-லும் டெர்வென்ட் 1916-லும் முடிந்தன. ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் நகரங்களுக்குக் குடிநீர் தரவே இவற்றைக் கட்டினார்கள். லேடிபவர் அணையை 1945-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். அந்த நீர்த்தேக்கத்துக்காக டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு ஊர்கள் மூழ்கின. கடும் வறட்சி வந்தால் டெர்வென்ட் ஊரின் இடிந்த சுவர்கள் இன்றும் வெளியே தெரியும். அணைக்காக ஊரை விட்டவர்களின் கதை நமக்கும் புதிது இல்லையே.

கார் ஏன் வருவதில்லை?

ஃபேர்ஹோம்ஸ் என்ற இடத்தில் பார்வையாளர் மையமும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. அங்கிருந்து டெர்வென்ட், ஹவ்டன் நீர்த்தேக்கங்களின் மேற்குக் கரையை ஒட்டி கிங்ஸ் ட்ரீ என்ற இடம் வரை 7, 8 கிலோமீட்டருக்குத் தார் சாலை போகிறது. வார இறுதியிலும் பொது விடுமுறை நாட்களிலும் இந்தச் சாலையில் பார்வையாளர்களின் கார் போக முடியாது. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும்தான்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடப்பதற்கு மூன்று காரணங்கள்.

1. இது முட்டுச் சாலை. கிங்ஸ் ட்ரீயோடு தார் முடிந்துவிடும். அதைத் தாண்டி வேறு ஊருக்குக் காரில் போக வழி இல்லை. அதனால் மூடினாலும் யாருடைய பயணமும் தடைபடாது. உள்ளே வீடு, பண்ணை வைத்திருப்பவர்கள் வந்து போகலாம்.

2. காரை எங்கே விடுவது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. தடுப்பு தொடங்கும் இடத்திலேயே பார்க்கிங், கழிப்பறை, சிற்றுண்டிக் கடை எல்லாம் உண்டு.

3. இறங்கியவர்கள் அதற்கு மேல் எப்படிப் போவது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. தேசியப் பூங்கா நிர்வாகமே அங்கு சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறது. பெரியவர்களுக்கு, குழந்தைகளுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு என்று தனித்தனி வகைகள் இருக்கின்றன.

இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மக்கள் எரிச்சல்பட்டிருப்பார்கள். 'வராதே' என்று பலகை வைப்பதோடு நிற்காமல், 'இங்கே நிறுத்து, இப்படிப் போ' என்று வழியும் காட்டியிருக்கிறார்கள். அங்கேதான் இது ஒரு மக்கள் சேவையாகிறது.

எதற்கு வாரம் முழுக்க மூடவில்லை? நெரிசல் வார இறுதியில்தான். மற்ற நாட்களில் கார் போகலாம், ஆனால் அன்று கூட்டமும் குறைவு. பிரச்சினை இருக்கும் நேரத்தில் மட்டும் கட்டுப்பாடு என்பதால் ஏற்றுக்கொள்வது சுலபம்.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஏன் நல்லது?

மலைப் பகுதி என்றதும் செங்குத்து ஏற்றம் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சாலை தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, கரையின் வளைவைப் பின்பற்றியே போகிறது. சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்தான். ஓடைகள் வந்து சேரும் இடங்களில் சாலை உள்ளே வளைந்து மறுபடி வெளியே வரும்.

வழியில் நின்று பார்க்கவும் நிறைய இருக்கிறது.

• டெர்வென்ட் அணையின் இரட்டைக் கோபுரங்கள். இரண்டாம் உலகப் போரில், 1943-ல், பிரிட்டிஷ் விமானப் படையின் 617-வது பிரிவு ஜெர்மனியின் அணைகளைத் தாக்கும் முன் இந்த நீர்த்தேக்கத்தின் மேல்தான் தாழப் பறந்து பயிற்சி எடுத்தது.

• டிப் என்ற நாயின் நினைவுக்கல். 1953 டிசம்பரில் மலைமேல் இறந்துபோன ஒரு முதிய மேய்ப்பரின் உடலை விட்டு நகராமல், குளிர்காலத்தில் 15 வாரம் காவல் இருந்த நாய் அது.

• பிர்ச்சின்லீ. அணை கட்டிய தொழிலாளர் குடும்பங்களுக்காகத் தகர வீடுகளால் அமைத்த ஊர். வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துவிட்டார்கள். அடித்தளங்கள் மட்டும் மிச்சம்.

கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் கிங்ஸ் ட்ரீயோடு திரும்ப வேண்டியதில்லை. மேலே மண்பாதையில் போனால் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் ஒரு பழைய கல் பாலம் வரும். பொதி சுமக்கும் குதிரைகளுக்காகக் கட்டியது. முன்பு டெர்வென்ட் ஊரில் இருந்தது. ஊர் மூழ்குவதற்கு முன் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு வைத்து, பிறகு இங்கே மறுபடி கட்டினார்கள். அதைக் கடந்து கிழக்குக் கரை வழியாகத் திரும்பினால் முழுச் சுற்று சுமார் 18 கிலோமீட்டர். கிழக்குப் பக்கம் தார் இல்லை, கரடுமுரடான பாதை. மெல்லிய டயர் சைக்கிள் சரிப்படாது.

போகும் முன் கவனியுங்க

ஷெஃபீல்டிலும் மான்செஸ்டரிலும் நம்ம பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் சேர்த்து இந்தக் குறிப்புகள்.

• இரண்டு நகரங்களுக்கும் நடுவில் ஓடும் ரயிலில் பாம்ஃபோர்ட் நிலையத்தில் இறங்கலாம். ஆனால் அங்கிருந்து ஃபேர்ஹோம்ஸ் வரை உள்ள சாலையில் கார் ஓடும். ஏ57 நெடுஞ்சாலையில் பழக்கம் இல்லாதவர்கள் சைக்கிளில் இறங்க வேண்டாம்.

• மலைக்கு நடுவில் போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்க. அவசர உதவிக்கு 999 அல்லது 112.

• வாடகை நிலையம் திறக்கும் நாளையும் நேரத்தையும் தேசியப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்க.

• அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். குதிரைப் பாதைகளில் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்பது சட்டம்.

• கார் இல்லை என்று அசட்டையாக ஓட்ட வேண்டாம். உள்ளூர் வண்டியோ ஆம்புலன்ஸோ வரலாம்.

• நீர்த்தேக்கத்தில் இறங்கக் கூடாது. வெயில் நாளிலும் தண்ணீர் கடுங்குளிர். நல்ல நீச்சல்காரருக்கும் மூச்சு அடைத்துவிடும்.

நம் ஊரில்?

நெரிசல் நமக்கும் தெரிந்த பிரச்சினைதான். அதற்காகத்தான் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அது வண்டிகளை எண்ணுவதற்கும் குறைப்பதற்கும் உள்ள வழி. டெர்வென்ட் காட்டுவது இன்னொரு வழி. ஒரு சின்னச் சாலையை, சில மணி நேரம், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுக்கொடுப்பது.

உங்க ஊரிலும் அணைக்கோ ஏரிக்கோ போய் முடியும் முட்டுச் சாலை இருக்கிறதா? ஞாயிறு காலை மட்டும் கார் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறதா? கிராம சபையில் பேசலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். 1100 எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்குச் சொல்லலாம். 'சாலையை மூடுங்கள்' என்று மட்டும் எழுதினால் போதாது. இந்த நான்கையும் சேர்த்து எழுதுங்க:

• எந்தச் சாலை, எங்கிருந்து எங்கே வரை?
• எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?
• வண்டிகளை எங்கே நிறுத்துவது?
• அங்கே குடியிருப்பவர்கள், விவசாய வண்டிகள், பஸ், ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?

கடைசிக் கேள்வியை அந்தச் சாலையில் குடியிருப்பவர்களிடமே முதலில் கேளுங்க. அவர்கள் சம்மதித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.