இரும்பும் ஊரும் - 14: முன்னே போகும் வண்டி

ஆவடி என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, 'ஆர்மர்ட் வெஹிகிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்று விரிவு சொல்வார்கள். அம்பத்தூர், பூந்தமல்லி பக்கமெல்லாம் இதைக் கேட்கலாம். ஆனால் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961-ல். காங்கிரஸின் ஆவடி மாநாடு நடந்ததோ 1955-ல். ஊர்ப்பெயர் முந்தியது, விரிவு பிறகு ஒட்டிக்கொண்டது.

இதற்கு நேர்மாறாக, விரிவு முதலில் வந்து அதிலிருந்து பெயர் பிறந்த ஒரு வண்டியும் இதே ஊரில் உருவானது. அதன் பெயர் முந்த்ரா.

போன வாரம் டாங்கிகளின் பெயர்களைப் பார்த்தோம். 1965-ல் வெளிவந்த விஜயந்தா, டி-72-க்கு வைத்த அஜேயா, டி-90-க்கு வைத்த பீஷ்மா, பிறகு அர்ஜுன். எல்லாமே வெற்றியையும் வீரத்தையும் சொல்பவை. 'மிஷன் அன்மேண்ட் டிராக்ட்' என்பதன் சுருக்கமான முந்த்ராவோ ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: இது சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டி, உள்ளே ஆள் இல்லை.

ஆவடியில் உள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் இதை 2017 ஜூலையில் காட்சிக்கு வைத்தது. உடல் புதிதல்ல. ரஷ்ய வடிவமைப்பான பி.எம்.பி-2, 'சரத்' என்ற பெயரில் தெலங்கானாவின் மேடக்கில் தயாராகும் காலாட்படை வண்டி. எடை சுமார் 14 டன். வண்டியை இயக்க மூவர், பின்னால் ஏழு வீரர்கள் என்று பத்துப் பேருக்கு இடம் உண்டு. அந்தப் பத்துப் பேரையும் இறக்கிவிட்டு, தொலைவிலிருந்து ஓட்டும்படி மாற்றியதுதான் முந்த்ரா.

சங்கிலி வண்டியில் காரைப் போல முன்சக்கரத்தைத் திருப்ப முடியாது. ஒரு பக்கப் பட்டையின் வேகத்தைக் குறைத்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். உள்ளே இருக்கும் ஓட்டுநர் மண் வழுக்குவதை உடம்பாலேயே உணர்ந்துகொள்வார். தொலைவில் இருப்பவருக்கு அந்த உணர்வு கிடையாது. திரையில் தெரிவதை வைத்தே முடிவெடுக்க வேண்டும். ராஜஸ்தானின் மகாஜன் துப்பாக்கிச் சுடுதளத்தில், 52 டிகிரி வரை எட்டிய வெயிலில், புழுதிக்கு நடுவே இதைச் சோதித்தார்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் ஓர் எழுத்து வகையைச் சொல்லும். முந்த்ரா-எஸ் கண்காணிப்புக்கு: ரேடாரும், லேசர் தூரமானி இணைந்த கேமராவும் கொண்டு 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோட்டமிடும். முந்த்ரா-எம் கண்ணிவெடியைக் கண்டறிய. முந்த்ரா-என் அணுக்கதிர்வீச்சோ கிருமியோ பரவிய இடத்துக்குள் போய்ப் பார்க்க. மூன்று எழுத்தும் மூன்று ஆபத்துகள். ஒவ்வொன்றிலும் முதலில் போகிறவன் திரும்பி வருவது நிச்சயமில்லை.

படைக்கு முன்னே செல்லும் பிரிவைத் தமிழில் தூசிப்படை என்பார்கள். முதல் அடி விழுவது அவர்கள் மேல்தான். ஆங்கிலச் சுருக்கமாகப் பிறந்தாலும், முந்த்ரா என்றதும் என் காதில் விழுவது 'முந்து' என்ற நம் சொல். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் இந்த இரும்பு முந்திக்கொண்டு போகட்டும். ஆவடி வைத்த பெயர்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

(அடுத்த வாரம்: ஆவடியில் வடிவமைத்து, குஜராத்தின் ஹசிராவில் உருவான இலகு டாங்கி 'ஜோராவர்')