பப்பாளி மாவுப்பூச்சி: தெளிப்பானைக் கீழே வையுங்கள்

பப்பாளி இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்புகளையொட்டிப் பஞ்சு படிந்ததுபோல் வெள்ளையாக ஏதேனும் தெரிந்தால், ஒன்றை நசுக்குங்கள். மஞ்சள் நீர் கசிந்தால் அது பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். குருத்து சுருங்கும், இலை மஞ்சளாகி உதிரும், காய் முழுக்க வெண்மாவு பூசியதுபோல் ஆகிவிடும். பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படரும். அந்த இனிப்பு நீரைத் தேடி எறும்புகள் வரும். எறும்பு ஏறும் மரத்தை முதலில் சோதியுங்கள்.

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். தமிழ்நாட்டில் 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. பட்டுப்புழு வளர்ப்போர் இலையின்றித் தவித்தார்கள். விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தும் பயனில்லை. மெழுகுப் பூச்சும் முட்டைப் பையும் மருந்தை உள்ளே விடுவதில்லை. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்பதால், தப்பியவை சில வாரங்களில் தோட்டத்தை மீண்டும் நிரப்பிவிடும். மருந்துக்கு உடனே பலியானவை பூச்சியைத் தின்னும் நன்மை செய்யும் உயிரினங்கள்தான்.

விடை பூச்சியின் பூர்வீகப் பக்கத்திலிருந்தே வந்தது. பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே தமிழ்நாட்டில் நன்றாக நிலைத்தது. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் இக்குளவி, இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்த புழு உள்ளிருந்தே தின்று வளரும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் இவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. தோட்டங்களைச் சூறையாடிய பூச்சி விரைவில் அடங்கியது. நம் வேளாண்மையில் இத்தனை தெளிவான வெற்றிகள் குறைவு. அதை நாம் இன்னும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

இன்றும் அங்கங்கே பூச்சி தலைகாட்டும். அப்போது தெளிப்பானைத் தூக்கினால் குளவிதான் முதலில் சாகும். வரப்பிலும் தோட்டத்திலும் உள்ள பார்த்தீனியத்தைப் பிடுங்குங்கள். பூச்சி அதிலும் தங்கும். எறும்புப் புற்றை அகற்றுங்கள், ஏனெனில் எறும்பு குளவியை விரட்டும். பூச்சி பிடித்த கன்றை வேறு இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மிக மோசமாகத் தாக்கப்பட்ட குருத்தையும் காயையும் வெட்டி எரிக்கலாம். ஆனால் எரிக்கும்முன் பாருங்கள்: பூச்சிகள் பழுப்பாகி, உப்பி, விறைத்துக் கிடந்தால் உள்ளே குளவி வளர்கிறது. அந்தப் பகுதியை மரத்திலேயே விட்டுவிடுங்கள்.