பருவம் தொடங்குமுன் எட்டு வாரங்கள்

கூடைப்பந்தாட்டப் போட்டி ஒன்றின் ஆட்ட நேரம் நாற்பது நிமிடங்கள். பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக அது ஆடப்படுகிறது. பார்வையாளர் காண்பதும் கைதட்டுவதும் அந்த நாற்பது நிமிடங்களைத்தான். ஆனால் எந்த அணி கடைசிப் பகுதியிலும் களைக்காமல் ஓடும், எந்த வீராங்கனை முழங்கால் காயமின்றி வீடு திரும்புவாள் என்பவை பெரும்பாலும் அதற்கு முந்திய வாரங்களிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. ஒரு கல்லூரியின் பெண்கள் அணி புதிய போட்டிப் பருவத்துக்கு எவ்வாறு தயாராகிறது, அதில் முஸ்லிம் மாணவி ஒருத்தி விசேடமாகக் கவனிக்க வேண்டியவை எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும் என்பது எமது விருப்பம்.

இரு பருவங்களுக்கிடையே பிறந்த விளையாட்டு

கூடைப்பந்தாட்டம் பிறந்ததே வேறு இரு விளையாட்டுகளின் பருவங்களுக்கு இடைப்பட்ட காலத்தை நிரப்புவதற்காகத்தான். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்றொரு நகரம் உண்டு. அங்கிருந்த கிறிஸ்தவ இளைஞர் சங்கப் பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடியர் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். இலையுதிர் காலத்தில் மாணவர்கள் கால்பந்து வகை ஆட்டம் ஆடினார்கள். வசந்தத்தில் பேஸ்போல் ஆடினார்கள். இடையில் வரும் பனிக்காலத்தில் மண்டபத்துக்குள் செய்யும் தேகப்பயிற்சி அவர்களுக்குச் சலித்துப்போனது. 1891 டிசம்பரில் நெய்ஸ்மித் மண்டபத்தின் மேல்மாடிக் கைப்பிடியில் இரண்டு பழக்கூடைகளை அறைந்து, 13 விதிகளை எழுதி, புதிய ஆட்டமொன்றை ஆடவைத்தார். அந்தக் கைப்பிடி பத்து அடி உயரத்தில் இருந்தது. இன்றும் வளையத்தின் உயரம் அதே பத்து அடி, அதாவது 3.05 மீற்றர்.

பெண்களும் நெடுநாள் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே, அருகிலுள்ள நோர்தம்டன் நகரின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தம் மாணவியருக்கு இதைக் கற்பித்தார். 1893 மார்ச்சில் அங்கு நடந்த வகுப்புகளுக்கிடையிலான போட்டியைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இருக்கவில்லை. பெண்கள் தமக்கென ஓர் இடத்தில், தம் ஆசிரியையின் மேற்பார்வையில் ஆடுவது இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதே ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்று மாற்றம் பெற்றதன் விளைவே நமது பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் அதிகம் ஆடும் வலைப்பந்தாட்டம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணியில் ஆடி ஆசியக் கிண்ணம் வென்றது அந்த ஆட்டத்தில்தான். எமது கிழக்கு மாகாணத்திலும் கூடைப்பந்துக்கு ஒரு மரபு உண்டு. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க யேசு சபைத் துறவியான யூஜின் ஹேபர்ட் அடிகளார் போன்றோர் அதை வளர்த்தெடுத்தனர். ஆனால் அது ஆண்பிள்ளைகளின் மரபு.

பில்கீஸ் இழந்த பருவங்கள்

நெய்ஸ்மித்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், 1990இல் பில்கீஸ் அப்துல் காதிர் என்ற பெண் பிறந்தார். ஹிஜாபும் நீண்ட கையுடையும் முழுக் காலுடையும் அணிந்தே அவர் பாடசாலை அணியில் ஆடினார். பாடசாலைக் காலத்தில் அவர் பெற்ற மொத்தப் புள்ளிகள் 3,070. அது மாநிலச் சாதனையை முறியடித்தது. 2009இல் ஜனாதிபதி ஒபாமா வெள்ளை மாளிகையில் அளித்த ரமழான் விருந்தில் அவரும் விருந்தாளியாக இருந்தார்.

அதே ஆண்டு மெம்பிஸ் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். முழங்கால் காயத்தால் அங்கு முதற் பருவம் முழுவதையும் இழந்தார். குணமடைந்து திரும்பியபோது, அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தின் முதலாம் பிரிவில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. இறுதிப் பருவத்தை 2013 - 2014இல் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடிவிட்டு, ஐரோப்பாவில் தொழில்முறை வீராங்கனையாக ஆட விரும்பினார். அங்கேதான் கதவு மூடியிருந்தது. காயம் ஏற்படக்கூடும் என்ற காரணத்தைக் காட்டி, தலையை மறைக்கும் உடையைச் சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் தடைசெய்திருந்தது.

அந்தத் தடை அவரை மட்டும் பாதிக்கவில்லை. 2014 செப்டெம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், ஹிஜாபைக் கழற்றச் சொன்னதால் கட்டார் பெண்கள் அணி மொங்கோலியாவுடனான போட்டியை விட்டுக்கொடுத்து வெளியேறியது. அதே ஆண்டு சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் தலையுடையை அனுமதித்திருந்த நிலையில், கூடைப்பந்தில் மட்டும் ஏன் இந்தத் தடை என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. பில்கீஸும் வேறு பல வீராங்கனைகளும் தொடர்ந்து குரல் எழுப்பினார்கள். 2017 மே மாதம் ஹொங்கொங்கில் கூடிய சம்மேளனத்தின் மாநாடு புதிய விதியை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பில்கீஸின் விளையாட்டு வாழ்வில் அதற்குள் மூன்று பருவங்கள் கடந்திருந்தன. அவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் குறைவின்றித் தயாரான ஒருவர், பருவமே கிடைக்காமல் நின்றார். அவர் தட்டிய கதவு இன்று எமது பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது.

விதி சொல்வதும் உடை தயாரிப்பதும்

புதிய விதி என்ன சொல்கிறது என்பதை அணியினர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். தலையுடை முகத்தையோ அதன் ஒரு பகுதியையோ மறைக்கக் கூடாது. அணிபவருக்கும் மற்ற வீராங்கனைகளுக்கும் ஆபத்தாக இருக்கக் கூடாது. முகத்தையும் கழுத்தையும் சுற்றி ஊசி, கொக்கி, பொத்தான் போன்று திறந்து மூடும் எதுவும் இருக்கக் கூடாது. தொங்கும் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நிறம் கறுப்பு, வெள்ளை அல்லது அணிச் சீருடையின் நிறமாக இருக்கலாம்; அணியில் தலையுடை அணியும் எல்லோருக்கும் அது ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

ஆகவே நாம் வகுப்புக்கு அணியும், ஊசி குத்திய ஸ்காஃப் மைதானத்துக்குப் பொருந்தாது. தலைவழியே இழுத்து அணியும், வியர்வையை உறிஞ்சும் இழுவைத் துணியில் தைத்த தலையுடையே ஏற்றது. அதைப் போட்டி நாளில் முதன்முறையாக அணியவும் கூடாது. முதல் வாரப் பயிற்சியிலிருந்தே அணிந்து ஓடினால்தான் அது நழுவுகிறதா, பக்கப் பார்வையை மறைக்கிறதா, காதை அடைக்கிறதா என்பது தெரியவரும்.

பந்தின் இலக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குரியது 6ஆம் இலக்கப் பந்து. ஆண்களின் 7ஆம் இலக்கப் பந்தைவிடச் சற்றுச் சிறியது, பாரம் குறைந்தது. பெரிய பந்தில் பழகிவிட்டுப் போட்டியில் சிறிய பந்தைப் பிடித்தால் எறிதலின் அளவு தப்பிவிடும்.

எட்டு வாரங்களில் என்ன செய்யலாம்?

பாடசாலை அணி ஒன்றுக்கு எட்டு வாரங்கள் நல்ல கால அளவு. வாரத்துக்கு மூன்று நாள், அஸர் தொழுகைக்குப் பின் ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் படிப்பும் பாதிக்கப்படாது, மஃரிபுக்கு முன் வீட்டையும் அடைந்துவிடலாம்.

முதல் இரண்டு வாரங்களும் உடலுக்குரியவை. ஆடுகளம் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்டது. அதில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடத் தேவையில்லை. சில செக்கன்கள் விரைந்து ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். எனவே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதைவிடக் கோட்டுக்குக் கோடு விரைந்தோடி இடையிடையே ஓய்வெடுக்கும் பயிற்சியே பயன் தரும்.

இக்காலத்தில் மறக்கக் கூடாதது முழங்கால். பில்கீஸின் முதற் பருவத்தைப் பறித்ததும் அதுதான். முழங்காலின் உள்ளே தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் இணைப்பிழை, கூடைப்பந்தாட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக அறுகிறது. பெரும்பாலும் எவரும் மோதாமலேயே இது நிகழ்கிறது. குதித்துத் தரையிறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி மடிவதும், கால் விறைத்தபடி ஊன்றுவதும் முக்கிய காரணங்கள். சத்திரசிகிச்சை செய்தாலும் மீண்டும் ஆட ஒன்பது மாதங்களளவு செல்லும். இதைத் தடுக்கும் வழி செலவில்லாதது. ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் பதினைந்து இருபது நிமிடங்கள், இரு காலிலும் ஒற்றைக் காலிலும் குதித்து மெதுவாக இறங்கும் பயிற்சி, ஒற்றைக் காலில் சமநிலை, தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி ஆகியவற்றைச் செய்ய வேண்டும். முழங்கால் வளைந்திருக்க வேண்டும். அது பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். தரையிறங்கும் சத்தம் கேட்கக் கூடாது. இவ்வாறு ஒழுங்காகப் பயின்ற பெண்கள் அணிகளில் இந்தக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

மூன்றாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை பந்துக்குரியவை. வலைப்பந்தாட்டம் ஆடிய பிள்ளைக்குப் பந்தைப் பிடிப்பதும் கொடுப்பதும் ஏற்கனவே கைவந்திருக்கும். வளையத்தின் உயரமும் ஒன்றே. அவள் புதிதாகக் கற்க வேண்டியது பந்தைத் தரையில் தட்டியபடி ஓடுவதையும், வளையத்துக்குப் பின்னுள்ள பலகையைப் பயன்படுத்துவதையும்தான். இரு கைகளாலும் தட்டப் பழக வேண்டும். வலக்கை மட்டுமே அறிந்தவளை எதிரணி எளிதில் ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும். எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தனி எறிதலைக் களைத்த நிலையில்தான் பழக வேண்டும். போட்டியில் அது மூச்சு வாங்கும்போதே கிடைக்கிறது.

கடைசி மூன்று வாரங்களும் ஐவரும் ஒன்றாக ஆடுவதற்குரியவை. பந்து கிடைத்த அணி எட்டு செக்கன்களுக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். இருபத்துநான்கு செக்கன்களுக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க இயலாது. யார் எங்கே நிற்பாள், யார் யாருக்காக வழியை மறித்து நிற்பாள் என்பது பழக்கத்தில் ஊறியிருக்க வேண்டும். இறுதி வாரத்தில் கடும் பயிற்சியைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

வெயிலும் உணவும் நோன்பும்

கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என நீளும் எமது கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீமெந்துத் தரை மாலையிலும் சுடும். முழு உடையுடன் ஆடும் மாணவி அதிகமாக வியர்ப்பாள். எனவே தாகம் எடுக்குமுன் குடிக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலில் நின்று தண்ணீர் அருந்த வேண்டும். தலைச்சுற்றல், குமட்டல் ஏற்பட்டால் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வளரும் பெண்பிள்ளைகளிடம் இரும்புச் சத்துக் குறைவு பரவலாக உண்டு. மாதந்தோறும் உடல் இழக்கும் இரத்தமும் அதற்கு ஒரு காரணம். “எனக்கு ஓடவே ஏலாது” என்று ஒரு பிள்ளை சொன்னால், சோம்பல் என்று எண்ணுமுன் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். மீன், இறைச்சி, முருங்கை இலை, பயறு வகைகள் உதவும். சாப்பாட்டில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேர்வது நல்லது. சோறு தின்ற கையோடு பிளேன்டி குடிக்கும் வழக்கம் இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். மாதவிடாய் நாட்களில் விளையாடக் கூடாது என்று மருத்துவ விதி எதுவும் இல்லை. உடல் இடம் கொடுத்தால் ஆடலாம், இல்லையேல் ஓய்வெடுக்கலாம்.

ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாட்கள் முன்னகர்வதால் சில ஆண்டுகளில் அது பயிற்சிக் காலத்துக்குள் வந்தே தீரும். அந்த மாதத்தில் ஓட்டத்தைக் குறைத்து, நோன்பு திறப்பதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் எறிதல், பந்து கொடுத்தல் போன்ற இலகுவான பயிற்சிகளை மட்டும் செய்யலாம். ஸஹர் உணவைத் தவிர்க்கக் கூடாது. பருவத்தின் அட்டவணையைப் பிறையைப் பார்த்துத் திட்டமிடும் பயிற்றுநரே எமது பிள்ளைகளுக்குப் பொருத்தமானவர்.

பெற்றோருக்கு

பெண்பிள்ளை விளையாடுவதா என்ற தயக்கம் உள்ள பெற்றோர் ஒன்றை நினைவுகொள்ள வேண்டும். நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா நாயகி (ரழி) அவர்களும் ஓட்டப் போட்டி வைத்துக்கொண்டதாக ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. முதல் முறை ஆயிஷா நாயகி வென்றார்கள். பின்னொரு முறை நபியவர்கள் வென்றார்கள்.

உங்கள் கவலைகளைக் கேள்விகளாக்கி அதிபரிடமும் உடற்கல்வி ஆசிரியையிடமும் கேளுங்கள். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்? பொறுப்பான ஆசிரியை யார்? மைதானம் மறைவானதா? வலய, மாகாண மட்டப் போட்டிகளுக்குப் போகும்போது கூட வருவது யார்? தொழுகைக்கு வசதி உண்டா? நல்ல அணி இவற்றுக்கெல்லாம் எழுத்திலேயே பதில் வைத்திருக்கும். பதில் இல்லையென்றால் அதை உருவாக்கச் சொல்வதும் உங்கள் உரிமை. விளையாட்டையே வேண்டாமென்று சொல்வதைவிட அது பயனுள்ளது.

மாணவியரே, ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்க வேண்டும் என்று எமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இந்த எட்டு வாரங்களும் ஒட்டகத்தைக் கட்டும் வாரங்கள். மூடிய கதவின் முன் ஒருவர் பருவங்களை இழந்திருக்கிறார். திறந்த கதவின் முன் நாம் சோம்பி நிற்கலாகாது. நாளை அஸருக்குப் பின், ஊசியில்லாத தலையுடையோடும் ஒரு போத்தல் தண்ணீரோடும் மைதானத்துக்கு வாருங்கள். முதலில் குதித்து, சத்தமின்றித் தரையிறங்கப் பழகுவோம். இன்ஷா அல்லாஹ், மற்றவை தொடரும்.