நோவாவின் பேழையும் சிட்னி நீதிமன்றமும்

1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிட்னியிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் விசித்திரமான வழக்கொன்று விசாரணைக்கு எடுக்கப்பட்டது. வழக்காளி இயன் பிளிமர். அக்காலத்தில் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியற் பேராசிரியர். எதிராளி அலன் றொபேட்ஸ். துருக்கியின் கிழக்கே, அரராத் மலைக்கு அண்மையில், படகு போன்ற வடிவிற் கிடக்கும் நிலவமைப்பொன்றை நோவாவின் பேழையோடு தொடர்புபடுத்தி 1992இல் அவுஸ்திரேலிய நகரங்களில் விரிவுரை ஆற்றியவர். அது இயற்கையாக உண்டான பாறை என்பது பேராசிரியரின் வாதம். பொய்யான தகவலைக் கூறி மக்களை ஏமாற்றுவது 1974ஆம் ஆண்டின் வர்த்தக நடைமுறைச் சட்டத்துக்கு மாறானது என்று அவர் முறையிட்டார். டேவிட் ஃபாசோல்ட் என்ற அமெரிக்கரும் அவரோடு சேர்ந்துகொண்டார். முன்னொரு காலத்தில் பேழையை அவ்விடத்திலேயே தேடியவர் அவர்; தாம் வரைந்த படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தினர் என்பது அவரது முறைப்பாடு.

அவ்வாண்டு ஜூன் 2ஆம் திகதி நீதியரசர் சக்வில் தீர்ப்பளித்தார். விரிவுரைகளில் உண்மைக்கு மாறான கூற்றுக்கள் சில இருந்தமையை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும் அவை வர்த்தக நடவடிக்கையின்போது கூறப்பட்டவை அல்ல. எனவே அச்சட்டம் இங்கு செல்லாது என்றார். படத்தின் பதிப்புரிமைக்காக ஃபாசோல்டுக்கு 2,500 டொலர் கிடைத்தது. பேராசிரியரின் பிரதான கோரிக்கை தோற்றது, மேன்முறையீடும் பலனளிக்கவில்லை. பொதுவிவகாரங்கள் பற்றிய விவாதத்தில் எழும் தவறான கூற்று ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றம் பரிகாரம் தேட முற்படலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அன்றைய பத்திரிகைகள் இவ்வழக்கை விஞ்ஞானத்துக்கும் சமயத்துக்கும் இடையிலான போராகச் சித்திரித்தன. தீர்ப்போ எப்பக்கத்துக்கும் வெற்றி மாலை சூட்டவில்லை. உலகமும் உயிரும் எவ்வாறு தோன்றின என்ற வினாவைச் சட்டத்தைக் கொண்டு தீர்க்க முடியாது என்பதையே அது உணர்த்திற்று. அவ்வாறாயின் அதனை எங்கே, எதனைக் கொண்டு ஆராய்வது?

வீட்டு வாசலில் வந்து நிற்கும் வினா

புலம்பெயர்ந்து வந்த எமது குடும்பங்களுக்கு இது ஏட்டு வினா அன்று. நியூ சவுத் வேல்ஸ் அரச பாடசாலைகளில் வாரந்தோறும் சமய வகுப்புக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. அதற்குச் செல்லாத பிள்ளைகளுக்கு ஒழுக்கவியல் வகுப்பு நடத்தவும் 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழிசெய்தது. விக்ரோறியாவில் அரச பாடசாலைகளின் சமய போதனை 2016 முதல் பாட நேரத்துக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டது. விஞ்ஞான பாடமோ எல்லோருக்கும் பொது. அங்கே கூர்ப்புக் கொள்கையைக் கற்ற பிள்ளை, ஞாயிறன்று ஆலயத்திலோ கோயிலிலோ வேறொரு வரலாற்றைக் கேட்கிறது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டவருள் தம்மைக் கிறிஸ்தவர் என்றோர் 43.9 வீதம், சமயம் இல்லை என்றோர் 38.9 வீதம், இந்துக்கள் 2.7 வீதம். இத்தகைய சமூகத்தில் எமது பிள்ளையின் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எந்தக் கொள்கையினராகவும் இருக்கலாம்.

“எது சரி?” என்று பிள்ளை கேட்கும்போது எம்மிற் பலர் சொல்லும் விடை யாது? “சோதனைக்கு அதை எழுது; வீட்டில் இதை நம்பு.” அகதி விண்ணப்பத்தின் முடிவைக் காத்திருக்கும் பெற்றோருக்கு, இரண்டு வேலை பார்த்து வீடு திரும்பும் தாய்தந்தையருக்கு, இதற்குமேல் விளக்கம் கூற அவகாசம் இல்லாதிருக்கலாம். ஆனால் அந்த விடை பிள்ளைக்குக் கற்பிப்பது விஞ்ஞானமும் அன்று, சமயமும் அன்று. இடத்துக்கு ஏற்ப உண்மையை மாற்றிப் பேசலாம் என்ற பாடமே அது. நாளடைவில் இரண்டின் மீதும் அதற்கு நம்பிக்கை அற்றுப்போகும்.

கல்லில் எழுதிய சான்றுகள்

முதலில் விஞ்ஞானம் கூறுவதைப் பார்ப்போம். அதன் முக்கிய சான்றுகள் சில நாம் வாழும் இக்கண்டத்திலேயே கிடைத்தவை.

1969ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி, ஞாயிறு காலை, மெல்பேர்ணுக்கு வடக்கேயுள்ள மேர்ச்சிசன் என்ற சிற்றூரில் விண்கல்லொன்று சிதறி வீழ்ந்தது. நூறு கிலோவுக்கும் அதிகமான துண்டுகள் சேகரிக்கப்பட்டன. மறு ஆண்டு வெளியான ஆய்வில், புரதங்களை ஆக்கும் பொருள்களான அமினோ அமிலங்கள் அவற்றில் இருப்பது தெரியவந்தது. இவ்வமிலங்களுக்கு இட வகை, வல வகை என இரு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் தம் புரதங்களுக்கு இட வகையையே பயன்படுத்துகின்றன. கல்லிலோ இரு வகையும் கலந்திருந்தன. ஆகவே அவை இங்கு வீழ்ந்தபின் ஒட்டிக்கொண்ட அழுக்கல்ல, விண்ணில் உண்டானவை என்று ஆய்வாளர் முடிவுசெய்தனர். இதற்கு முன்னரே, 1953இல், ஸ்ரான்லி மில்லர் என்ற அமெரிக்க மாணவர் நீராவி, மெதேன், அமோனியா, ஐதரசன் ஆகியவற்றின் கலவையில் மின்பொறியைச் செலுத்தி அமினோ அமிலங்களைப் பெற்றிருந்தார்.

மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பராப் பகுதியில், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான பாறைகள் உள்ளன. அவற்றுட் பழையவை ஏறத்தாழ 348 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அத்தகைய படலங்கள் அதே மாநிலத்தின் ஷார்க் குடாவில் இன்றும் உயிரோடு வளர்கின்றன. பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள் என்பதை எண்ணினால், உயிர் எத்துணை விரைவில் இங்கு வேரூன்றியது என்பது புலனாகும்.

ஆனால், அமினோ அமிலம் உயிர் ஆகாது. செங்கல் கிடைத்துவிட்டது, வீட்டைக் கட்டிய விதம் தெரியவில்லை. உயிரற்ற பொருளிலிருந்து தன்னைத் தானே பெருக்கும் உயிர் முதன்முதல் எவ்வாறு எழுந்தது என்பதை எந்த ஆய்வுகூடமும் இதுவரை செய்துகாட்டவில்லை. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தமைக்குச் சான்றுகள் மிகப் பல. முதல் உயிரின் பிறப்பு இன்னும் திறந்த வினா. டார்வினின் கூர்ப்புக் கொள்கை முன்னதை விளக்குவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர் இரு முகாம்களிலும் உளர்.

விஞ்ஞானிகளும் தமக்குள் சண்டையிடுவர். 2016இல் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் நட்மனும் அவர்தம் குழுவினரும் கிறீன்லாந்தில் 370 கோடி ஆண்டு பழைமையான உயிர்த்தடம் கிடைத்ததாக அறிவித்தனர். 2018இல் அவுஸ்திரேலியாவிற் பிறந்த அபிகேல் ஓல்வுட் என்ற ஆய்வாளர் தம் குழுவினரோடு அதே பாறையைச் சோதித்து, அது அழுத்தத்தால் வளைந்த பாறையாக இருக்கலாம் என்று மறுத்தார். இம்மறுப்பால் விஞ்ஞானம் தோற்றுவிடவில்லை. கூறியவரின் பெயரை விட்டுவிட்டுக் கல்லைப் பார்ப்பதே அதன் முறை.

சமயங்கள் ஒரே குரலிற் பேசுவதில்லை

சமயவாதிகள் அனைவரும் டார்வினை எதிர்ப்பவர் என்பதும் தவறான எண்ணமே. ஆதியாகமத்தின் ஆறு நாட்களை எழுத்துக்கு எழுத்து ஏற்கும் கிறிஸ்தவர் உளர். கத்தோலிக்கத் திருச்சபையோ, 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரின் சுற்றுமடலிலேயே, மனித உடலின் கூர்ப்பை ஆராய இடமளித்தது. ஆன்மாவை இறைவன் நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அறிவித்தார். இஸ்லாம் மனிதன் களிமண்ணிலிருந்தும், உயிருள்ளவை யாவும் நீரிலிருந்தும் படைக்கப்பட்டதாகக் கூறுகிறது. கூர்ப்பைப் பற்றி முஸ்லிம் அறிஞரிடையே பல கருத்துக்கள் உள. உலகம் நித்தியமானதா என்று மாலுங்கியபுத்தர் வினவியபோது, நச்சம்பு தைத்தவன் அம்பெய்தவனின் குலத்தை விசாரித்துக்கொண்டிருக்கலாமா என்று புத்தர் உவமை கூறி, விடையளிக்க மறுத்தார். மெல்பேர்ண் டொக்லண்ட்ஸில் வானளாவ நிற்கும் கழுகுச் சிலையை வாசகர் பலர் கண்டிருப்பர். அது இந்நிலத்தின் ஆதிக்குடிகளான கூலின் மக்களைப் படைத்த புஞ்சிலின் உருவம்.

எமது சைவ சித்தாந்தத்தின் நிலை இவை எல்லாவற்றிலுமிருந்து வேறுபட்டது. பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் நிலைநாட்டிய கொள்கை. இறைவன் உயிர்களைப் படைப்பதில்லை. முன்பே உள்ள உயிர்களுக்குத் தனு, கரண, புவன, போகங்களை, அதாவது உடலையும் கருவிகளையும் உலகையும் நுகர்வையும் கொடுக்கிறான். அப்படியாயின் “உயிர் எப்போது தோன்றியது?” என்ற வினாவே சித்தாந்திக்குப் பொருந்தாது. பில்பராப் பாறை கூறுவது உடல்களின் வரலாறு. மெய்கண்டார் கூறுவது ஆன்மாவின் நிலை.

எமது மேடைகளும் விலக்கல்ல

றொபேட்ஸின் பேழையைக் கேட்டு நகைக்கும் நாம், எமது மண்டபங்களில் ஒலிப்பதையும் கவனிக்க வேண்டும். மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் பல பிறவிகளை அடுக்கிக் கூறுவதைக் காட்டி, டார்வினுக்கு முன்பே நாம் கூர்ப்பைச் சொல்லிவிட்டோம் என்று முழங்கும் பேச்சாளர் உளர். மீன், ஆமை, பன்றி என வரும் அவதாரங்களையும் அவ்வாறே கூறுவர். மாணிக்கவாசகர் பாடியது ஓர் ஆன்மா பல உடல்களிற் பிறந்து இளைத்த துயரை; டார்வின் விளக்கியது ஓர் இனத்திலிருந்து வேறோர் இனம் கிளைத்த முறையை. இரண்டையும் ஒன்றென்பவர் திருவாசகத்துக்கும் நீதி செய்யவில்லை, விஞ்ஞானத்துக்கும் நீதி செய்யவில்லை. பள்ளியில் உயிரியல் கற்ற பிள்ளை இப்பேச்சின் பிழையை எளிதிற் கண்டுகொள்ளும். கண்டபின் திருவாசகத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு.

சமயமற்றோருக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். உயிரின் பிறப்பு முழுமையாக விளங்கிவிட்டது என்பது இன்றைய விஞ்ஞானம் கூறாத கூற்று. மாற்றுக் கருத்தை வழக்கால் அடக்க முயன்றவர் பட்ட பாட்டையும் கண்டோம்.

மணிமேகலை காட்டும் வழி

இத்தகைய சந்தடியை எமது முன்னோர் அறியாதவர் அல்லர். சாத்தனாரின் மணிமேகலை வஞ்சி மாநகரிற் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவரும் வைணவரும் ஆசீவகரும் நிகண்டரும் சாங்கியரும் தத்தம் கருத்தைக் கூறுகின்றனர். இறுதியில் பூதவாதி வருகிறான். ஆத்திப்பூவும் வெல்லமும் முதலியன சேர்ந்தவிடத்து மதுவின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடுமிடத்து உணர்வு பிறக்கிறது என்பது அவன் கொள்கை. மில்லரின் குடுவையை எண்ணும்போது இவ்வுவமை நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் பூதவாதி சோதனை செய்தவனல்லன். கண்ணாற் காண்பதொன்றே பிரமாணம் என்ற அவனிடம், “உன் தாய் தந்தையர் இவர் என்பதை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய்?” என்ற கருத்துப்படக் கேட்கிறாள் மணிமேகலை. அவனைத் தண்டிக்குமாறு அவள் மன்னனிடம் முறையிடவில்லை.

இக்காதையில் முதலிற் பேசுபவன் அளவைவாதி என்பது கவனத்துக்குரியது. எதை நம்புகிறாய் என்பதற்கு முன், எவ்வாறு அறிந்தாய் என்பது கேட்கப்பட வேண்டும். காட்சியா, அனுமானமா, ஆகமமா? பாறையின் வயதை ஆகமத்தால் நிறுவ முயல்வது பிழை. ஆன்மாவின் நித்தியத்தை நுண்நோக்கியின் கீழ்த் தேடுவதும் பிழை.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளை வினவும்போது வாயை அடைக்காதீர்கள். பாடசாலை கூறுவதற்குச் சான்று யாதென அதனிடமே கேளுங்கள். உங்கள் சமயம் கூறுவது எந்த வினாவுக்கு விடை என்பதை நீங்கள் கூறுங்கள். தெரியாதவிடத்துத் தெரியாது என்று சொல்லுங்கள். நாட்டையும் வீட்டையும் இழந்து வந்த எம்மிடம், பிள்ளைக்குக் கொடுக்க அதிகம் எஞ்சியிருக்கவில்லை. வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என இரு நாக்கோடு வளராத மனத்தையாவது அவர்களுக்குக் கொடுப்போம்.