வடசென்னைக்குத் தெற்கிலிருந்து ஸ்கூல் வேன் வருமா? ‘காந்தப் பள்ளி’ யோசனை சொல்வது என்ன?

காலை ஏழரை மணி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மஞ்சள் வேன்கள் நெளிந்து நெளிந்து போகின்றன. எண்ணூரில் ஒரு பிள்ளை, கத்திவாக்கத்தில் இரண்டு பிள்ளைகள், தேரடியில் மூன்று பேர் என்று ஏற்றிக்கொண்டே போகிறது ஒரு வேன். வீட்டில் வசதி கொஞ்சம் கூடினால், வேன் போகிற தூரமும் கூடுகிறது. ராயபுரத்தைத் தாண்டி, பாலம் ஏறி, ஊரின் அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து வடசென்னைக்குப் படிக்க வரும் பிள்ளையைப் பார்ப்பது அரிது.

இத்தனைக்கும், ‘புல்லட்’ பைக்கை இந்தியாவில் செய்யத் தொடங்கிய ஊர் திருவொற்றியூர். லேலண்ட் லாரிக்கு ஊர் எண்ணூர். துறைமுகம், அனல்மின் நிலையம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று வேலைக்கும் சரக்குக்கும் எல்லோரும் வருகிறார்கள். பள்ளிக்கூடத்துக்காகவும் இங்கே வர வைக்க முடியுமா? உலகின் சில நகரங்கள் இதை முயன்று பார்த்திருக்கின்றன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மேக்னட் ஸ்கூல்’. தமிழில் சொன்னால், காந்தப் பள்ளி.

அது என்ன காந்தப் பள்ளி?

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி நடத்துவது சட்டவிரோதம் என்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் மாறியது, ஆனால் மக்கள் குடியிருந்த தெருக்கள் மாறவில்லை. கறுப்பர் பகுதிப் பள்ளியில் கறுப்பர்கள், வெள்ளையர் பகுதிப் பள்ளியில் வெள்ளையர்கள் என்பதே தொடர்ந்தது. பேருந்தில் ஏற்றிப் பிள்ளைகளை மாற்றி அனுப்பச் சில நீதிமன்றங்கள் உத்தரவிட்டபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது.

அப்போது வந்த மாற்று யோசனை இது. கட்டாயப்படுத்த வேண்டாம், ஈர்க்கலாம். பின்தங்கிய பகுதியில் இருக்கும் அரசுப் பள்ளிக்கு அறிவியல், இசை, நாடகம், மொழி என ஏதாவது ஒரு தனிச் சிறப்பைக் கொடுங்கள். ஊரின் எந்த மூலையிலிருந்தும் சேரலாம், கட்டணம் இல்லை என்று சொல்லுங்கள். வசதியானவர்கள் தாங்களாகவே தேடி வருவார்கள். 1968-ல் டகோமா நகரில் மெக்கார்வர் தொடக்கப் பள்ளி இப்படித்தான் மாறியது. அடுத்த ஆண்டு பாஸ்டனில் டிராட்டர் பள்ளி. பிறகு இது நாடு முழுவதும் பரவி, உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது.

நம்ம ஊரில்தான் அப்படிப் பிரிவினை இல்லையே?

சட்டத்தில் இல்லை. கட்டண ரசீதில் இருக்கிறது. 2011-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர் கல்வி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பாடப் புத்தகம் ஒன்றானது. வகுப்பறை ஒன்றாகவில்லை. மாதச் சம்பளக்காரர் பிள்ளை ஒரு பள்ளியில், மீன்பாடி வண்டி ஓட்டுபவர் பிள்ளை இன்னொரு பள்ளியில் என்பதுதான் சென்னையின் நடைமுறை. ஒரே தெருவில் குடியிருந்தாலும் இரண்டு பிள்ளைகளும் பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் பத்தாம் வகுப்பு முடிந்துவிடும்.

வடசென்னை தன்னளவில் ஒரே மாதிரியான ஊர் அல்ல. காசிமேட்டு மீனவர்கள், பர்மாவிலிருந்து திரும்பி வந்து குடியேறியவர்கள், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள், ஆலை வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் என எல்லோரும் சேர்ந்ததுதான் இந்தப் பகுதி. அரசு மற்றும் மாநகராட்சிப் பள்ளியில் சாதியும் மொழியும் ஓரளவுக்காவது கலக்கின்றன. வசதி மட்டும் கலக்கவில்லை.

கலந்தால் என்ன லாபம்?

முதல் லாபம், குரல். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் ஆசிரியர் இல்லை என்றால், மனு எழுதி, அதிகாரிக்கு போன் போட்டு, விடாமல் துரத்தத் தெரிந்த பெற்றோர் நாலு பேராவது வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வர வேண்டிய அம்மாக்கள் மட்டுமே அதில் இருந்தால், அந்தக் குழுவின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

இரண்டாவது, நட்பு. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஃபேஸ்புக் நட்புகளை ஆராய்ந்து 2022-ல் ஒரு முடிவை வெளியிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு வசதியான வீட்டு நண்பர்கள் அதிகம் உள்ள ஊர்களில், அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் முன்னேறுவதும் அதிகம் என்பதே அது. எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், இன்டர்ன்ஷிப் என்றால் என்ன என்பதெல்லாம் புத்தகத்தைவிடப் பக்கத்து பெஞ்சிலிருந்துதான் அதிகம் கிடைக்கிறது.

‘ஏழைப் பிள்ளைகளோட படிச்சா எங்க புள்ள படிப்பு கெட்டுடாதா?’ என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. தில்லியின் தனியார் பள்ளிகளில் ஏழை மாணவர்களைச் சேர்த்த பிறகு என்ன நடந்தது என்று கௌதம் ராவ் ஆராய்ந்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டார். வசதியான பிள்ளைகள் கூடுதல் தாராள குணத்துடனும், ஏழைகளை ஒதுக்காமல் பழகுபவர்களாகவும் மாறியிருந்தார்கள். மதிப்பெண்ணில் ஏற்பட்ட பாதிப்பு குறைவுதான். வகுப்பில் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்தது என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே உள்ள காந்தங்கள் எவை?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு அது பொறியியல், சட்டம், வேளாண்மை உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. ஏழைக் குடும்பங்களுக்கான உதவிகள் என்றாலும், ‘ஆறாம் வகுப்பிலேயே கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுடலாமா?’ என்று நடுத்தரக் குடும்பத்தையும் யோசிக்க வைப்பவை இவை.

புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது வடசென்னையில்தான். 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில் நடந்த அதே விழாவில் 26 தகைசால் பள்ளிகளும் 15 மாதிரிப் பள்ளிகளும் தொடங்கிவைக்கப்பட்டன. அப்போதைய தில்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவாலும் அந்த மேடையில் இருந்தார்.

அப்படியென்றால் மாதிரிப் பள்ளிதான் காந்தப் பள்ளியா?

இல்லை. பெயர் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. காந்தப் பள்ளி, வெளியே இருப்பவர்களைப் பின்தங்கிய பகுதிக்கு இழுக்கிறது. மாதிரிப் பள்ளி, அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்துப் பயிற்சி தருகிறது. ஐஐடி போன்ற நிறுவனங்களை நினைத்தே பார்க்காத வீடுகளிலிருந்து பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்பது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பிள்ளை கிளம்பிய பழைய வகுப்பறையையும் பார்க்க வேண்டும். மதிய இடைவேளையில் நாலு பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த பெண் அங்கே இப்போது இல்லை. சில பிள்ளைகளுக்கு இது ஏணி. பள்ளிகள் கலப்பதற்கு இது வழி அல்ல. அந்த வேலையை இதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

நல்ல கட்டடம் கட்டினால் வந்துவிடுவார்களா?

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி இதைச் சோதித்துப் பார்த்தது. 1985-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, நகரப் பள்ளிகளைக் காந்தப் பள்ளிகளாக்கச் சுமார் 200 கோடி டாலர் கொட்டப்பட்டது. நீச்சல்குளம், கோளரங்கம் எல்லாம் வந்தன. புறநகர்ப் பிள்ளைகள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. மதிப்பெண்ணும் உயரவில்லை.

ஹார்ட்ஃபோர்டு நகரின் கதை வேறு. 1996-ல் கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, நகரமும் புறநகர்களும் சேர்ந்து படிக்கும் காந்தப் பள்ளிகள் அங்கே உருவாயின. நுழைவுத் தேர்வுக்குப் பதில் குலுக்கல், வீட்டருகே பேருந்து. நகரப் பிள்ளைகளும் புறநகர்ப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். குலுக்கலில் பெயர் வராத பிள்ளைகள் பழைய பள்ளியிலேயே தங்கிப்போன குறை மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

சென்னையில் இப்போது கட்டடத்துக்குப் பணம் வருகிறது. மாநகராட்சியின் 28 பள்ளிகள் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு மேம்படுத்தப்பட்டன. 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அந்த வகுப்பறைகளில் யார் யார் சேர்ந்து உட்காரப் போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது சேர்க்கை விதிதான்.

வடசென்னையில் எது காந்தம்?

செஸ்ஸைப் பாருங்கள். உலக சாம்பியன் குகேஷும் பிரக்ஞானந்தாவும் படித்தது வேலம்மாள் பள்ளிகளில். செஸ்ஸுக்காகவே பள்ளியைத் தேடும் பெற்றோர் இந்த ஊரில் இருக்கிறார்கள். தனியார் பள்ளிக்குச் சாத்தியமானது அரசுப் பள்ளிக்கும் சாத்தியம். வடசென்னைக்குக் கடல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, வாகன ஆலை இருக்கிறது. கால்பந்தும் பாக்ஸிங்கும் கேரமும் இருக்கின்றன. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். கடல் அறிவியல், வாகன வடிவமைப்பு, விளையாட்டு என ஏதாவது ஒன்றில் தமிழ்நாட்டிலேயே சிறந்த மேல்நிலைப் பள்ளி ராயபுரத்தில் இருந்தால், அடையாறிலிருந்தும் விண்ணப்பம் வரும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘துறைமுகத் தொழிலாளி பிள்ளைக்குத் துறைமுக வேலைப் படிப்பு’ என்று அது சுருங்கினால், 1953-ல் ராஜாஜி கொண்டுவந்து, எதிர்ப்பால் 1954-ல் காமராஜர் கைவிட்ட குலக்கல்வித் திட்டம் வேறு வேஷத்தில் வந்ததாகிவிடும்.

‘அங்க காத்தே சரியில்லையே?’

வெளியூர்ப் பெற்றோர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளி மாணவிகள் வாயு நெடியால் மயங்கினார்கள். இந்தக் காற்றைத்தான் வடசென்னைப் பிள்ளைகள் தினமும் சுவாசிக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு பிள்ளை வரும் அளவுக்குக் காற்று நன்றாக இருக்க வேண்டும் என்றால், அது முதலில் இங்கேயே இருக்கும் பிள்ளைக்கு நன்றாக இருந்தாக வேண்டும்.

என்னென்ன செய்ய வேண்டும்?

* நுழைவுத் தேர்வு வேண்டாம், குலுக்கல் போதும். தேர்வு வைத்தால் டியூஷன் சென்டர்தான் ஜெயிக்கும்.
* பாதி இடமாவது அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு உறுதி செய்யப்பட வேண்டும். இல்லையென்றால், சொந்தத் தெருப் பள்ளியில் அவர்களுக்கே இடம் இருக்காது.
* வாசலில் சேர்த்துவிட்டு, ‘ஏ’ செக்ஷன், ‘டி’ செக்ஷன் என்று உள்ளே பிரிக்கக் கூடாது.
* போக்குவரத்து வேண்டும். 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது; மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பள்ளி வாசல் வரையிலான, லாரிகள் ஓடும் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் பாக்கி.
* சுற்றியுள்ள மற்ற பள்ளிகளும் அதே ஆய்வகத்தையும் மைதானத்தையும் பயன்படுத்த வழி வேண்டும்.

1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார். பிள்ளைகள் பள்ளிக்கு வர ஒரு வேளைச் சோறே காந்தமாக இருந்த காலம் அது. வராத பிள்ளையை வரவைக்கும் வேலையை இந்த ஊர் பெருமளவு முடித்துவிட்டது. வந்த பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் காலை ஏழரை மணிக்கு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு ஸ்கூல் வேன் வடக்கு நோக்கி வந்தால், அந்த வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.