சபை கட்டாத போதகர்

இலங்கையின் கந்தளாய் குடியேற்றத் திட்டத்தால் பெருத்த ஊர். குளத்தையும் வயலையும் சீனித் தொழிற்சாலையையும் நம்பிப் பல பக்கங்களிலிருந்தும் சனம் வந்து சேர்ந்த இடம். சிங்களவரும் முஸ்லிம்களும் கூடுதலாக வாழும் இங்கே தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். இப்படி ஆலயமும் குருவானவரும் எட்டத்தில் இருக்கும் ஊர்களுக்குள் சுவிசேஷம் வந்த வழி வானொலி. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாடே விழுந்து விழுந்து கேட்ட காலம் அது. 1978இல் புத்தளத்தில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு நிறுவனம் தன் நிலையத்தை நிறுவிக் கடல் தாண்டியும் பிரசங்கம் அனுப்பத் தொடங்கியது. குரல் எந்த வீட்டுக்குள்ளும் போகும், கேட்பவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று விசாரிக்காது. இந்த ஒரு வசதியை டி. ஜி. எஸ். தினகரனைப் போல விளங்கிக்கொண்ட தமிழ்ப் போதகர் வேறு யாரும் இல்லை என்பேன். அவருடைய பலம் அங்கேதான் இருந்தது. குறையும் அங்கேயே முளைத்தது.

1935இல் திருநெல்வேலிப் பக்கத்துச் சுரண்டையில் பிறந்தவர் தினகரன். படித்துவிட்டு வேலை கிடைக்காத விரக்தியில் 1955இல் ரயில் முன் பாய்ந்து உயிரை விடப் போனதாகவும், உறவினர் ஒருவர் இயேசுவைப் பற்றிச் சொல்லித் தடுத்ததாகவும் அவரே மேடைதோறும் சொன்னார். பிறகு வங்கியில் வேலை, கூடவே ஊழியம். 1970களின் தொடக்கத்தில் வானொலிக்கு வந்தார், 'இயேசு அழைக்கிறார்' பத்திரிகையும் புறப்பட்டது. தொலைக்காட்சி பரவியபோது அங்கேயும் போனார். ஆனால் தென்னிந்தியத் திருச்சபைக்காரராகிய அவர் தமக்கென்று ஒரு சபையைத் தொடங்கவில்லை. ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் அவரவர் ஊர்ச் சபைக்கே விட்டுவிட்டார். தமக்கு வைத்துக்கொண்டது ஒன்றுதான்: துயரப்பட்ட ஒருவரோடு நேராகப் பேசுவது. கடிதம் எழுதினால் பதில் வரும். 1983இல் சென்னையில் எழுந்த ஜெபக் கோபுரத்தில் இராப்பகலாகத் தொலைபேசி எடுத்து ஜெபிக்க ஆள் இருந்தது. குழந்தையின் பெயரில் காணிக்கை கட்டினால் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் திட்டமும் வந்தது. ஊர்க் கோயிலில் பத்தோடு பதினொன்றாக நிற்பவருக்குத் தன் பெயரை ஒருவர் உச்சரிக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை.

'எல்லாம் காசுக்கான வித்தை' என்பார்கள். மேடையில் கண்ணை மூடியபடி அவர் பெயர் சொல்லி அழைத்து, நோயைச் சொல்லி, சுகம் அறிவிப்பதைச் சந்தேகப்பட நியாயம் உண்டு. லட்சம் பேர் கூடிய மைதானத்தில் செல்வி என்று கூப்பிட்டால் எத்தனை செல்விகள் எழும்புவார்கள், அதில் எத்தனை பேருக்கு வயிற்றுவலி! இதை அற்புதத்துக்குச் சான்றாக எடுக்க என்னால் முடியாது. ஆனால் வித்தை என்ற சொல் விடை ஆகாது. வித்தை வெளிப்பட்டால் கூட்டம் கலையும். இவரிடமோ சுகமாகாதவர்களும் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அவர் வீட்டிலேயே அற்புதம் நடக்கவில்லை. மகள் ஏஞ்சல் 1986 மே மாதம் கார் விபத்தில் இறந்தார். குணமாக்குபவர் என்று பேர் எடுத்த ஆளுக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. ஆனால் செல்வாக்குக் குறையவில்லை. அதே ஆண்டில் கோயம்புத்தூர் அருகே காருண்யா பொறியியல் கல்லூரி திறந்தது. அழுகிற வீட்டுக்குத் தானும் அழுத ஒருவரின் குரலே தேவைப்பட்டது என்றுதான் இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

என் குறை வேறு. மாதக் காணிக்கை அனுப்புபவர்களுக்கு இந்த ஊழியம் வைத்த பெயர் பங்காளர். தமிழில் பங்காளி என்றால் சொத்தில் பங்கு கேட்கக்கூடியவன், வேலி தள்ளிப் போட்டால் வழக்குக்குப் போகிறவன். இந்தப் பங்காளருக்கோ வாக்கும் இல்லை, கூட்டமும் இல்லை. ஊழியத்தை நடத்தும் அறக்கட்டளையின் முடிவு தினகரன் குடும்பத்துக்குள் முடிகிறது. சபைகள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். இல்லை. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துச் சண்டைகள் நீதிமன்றப் படிகளில்தான் கிடக்கின்றன. ஆனால் அப்படிச் சண்டை பிடிக்க அங்கே உறுப்பினருக்கு உரிமை இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, தோற்ற அணி கணக்குக் கேட்கிறது. சபை வேண்டாம் என்று விட்டவர் இந்தத் தொல்லையையும் சேர்த்தே விட்டுவிட்டார். 2021 ஜனவரியில் வருமான வரித் துறை மகன் பால் தினகரனின் இடங்களில் சோதனை போட்டபோது, அவ்வளவு காலம் காசு அனுப்பியவர்களும் மற்றவர்களைப் போலப் பத்திரிகை பார்த்தே விவரம் அறிய வேண்டியிருந்தது.

தினகரன் 2008 பெப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானார். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. ஊழியம் பால் தினகரன் கைக்கு வந்தது. பல்கலைக்கழகமாகிவிட்ட காருண்யாவின் வேந்தரும் அவரே.