ஊசி போட்ட ஆடும் உங்கள் வீட்டுக் குழந்தையும்

கத்தரிக்குப் பூச்சி மருந்து தெளித்த மறுநாளே காய் பறிக்கலாகாது என்பது உழவர் பெருமக்கள் நன்கு அறிந்த செய்தி. மருந்தின் வேகம் தணியச் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் நேற்று ஊசி போட்ட ஆட்டை இன்று கறிக்கு விற்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். காய்க்கு உள்ள காத்திருப்பு கறிக்கும், முட்டைக்கும், பாலுக்கும் உண்டு. இதனை 'மருந்து விலக்குக் காலம்' என்பர்.

ஆடு பிழைக்காது என்று தோன்றினால், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட எண்ணுவது இயல்பே. சிறு உழவருக்கு ஓர் ஆடு என்பது அவசரத்திற்கு உதவும் சேமிப்புப் பணம். எனினும் அந்த இறைச்சியை உண்பவர் யார் என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே ஊர்க் குழந்தைகள். சில வேளைகளில் நம் வீட்டுக் குழந்தைகள்.

மருந்து எச்சம் என்றால் என்ன?

கால்நடைகளுக்குக் கொடுக்கும் பென்சிலின், டெட்ராசைக்ளின், என்ரோபிளாக்சசின் போன்றவை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். ஊசியாகவோ, தீவனத்திலோ, குடிநீரிலோ கொடுக்கப்படும் இவை இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகின்றன. பின்னர் ஈரலும் சிறுநீரகமும் இவற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகின்றன. முற்றிலும் வெளியேறும் முன் அறுத்தால் எஞ்சியது இறைச்சியில் தங்கிவிடும். இதுவே மருந்து எச்சம்.

எச்சம் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. டெட்ராசைக்ளின் மருந்துகளுக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு வகுத்துள்ள உச்ச அளவுகளே இதற்குச் சான்று. ஒரு கிலோ சதையில் 200 மைக்ரோகிராம், ஈரலில் 600, சிறுநீரகத்தில் 1200 என்பவை அவ்வளவுகள். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நம் வீடுகளில் இரத்தம் ஊறட்டும் என்று குழந்தைக்கென எடுத்து வைப்பது ஈரலைத்தான் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

'நன்றாக வேகவைத்தால் போய்விடாதா?' என்று கேட்கலாம். வேகவைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் மருந்து எச்சம் முழுவதும் அழிவதில்லை. என்ரோபிளாக்சசின் போன்றவை சமையல் வெப்பத்தைத் தாங்கவல்லவை. பென்சிலின் ஏற்றிய மாட்டின் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினாலும் சில வேளைகளில் தயிர் சரியாக உறைவதில்லை. எஞ்சிய மருந்து தயிர்க் கிருமியையும் தாக்குவதே இதற்குக் காரணம்.

குழந்தைகளுக்கு என்ன கேடு?

ஒரு வேளை உணவில் உள்ள எச்சத்தால் உடனே நோய் வருவது அரிது. பென்சிலின் ஒவ்வாமை உள்ள சிலருக்கு மட்டும் தடிப்பும் அரிப்பும் தோன்றலாம். பெரிய கேடு வேறு வழியில் வருகிறது.

தேவையின்றியும் அரைகுறையாகவும் மருந்து கொடுக்கும்போது, கால்நடையின் குடலிலுள்ள வலுவற்ற கிருமிகள் மடிந்து, மருந்தைத் தாங்கும் கிருமிகள் மட்டும் பெருகுகின்றன. இவை இறைச்சி, சாணம், வெட்டும் பலகை, கைகள் வழியாக வீட்டிற்குள் வருகின்றன. பிறகு குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இக்கிருமிகளால் வந்தால், வழக்கமான மருந்து வேலை செய்யாது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் பழகிவிடும் என்று 1945இலேயே எச்சரித்தார்.

கொலிஸ்டின் என்னும் மருந்து, வேறு மருந்து பலிக்காத நோயாளிகளுக்கு மருத்துவமனைகளில் கடைசியாகக் கொடுக்கப்படுவது. அதனையே கோழிகள் விரைந்து வளரத் தீவனத்தில் கலந்து வந்தனர். 2019ஆம் ஆண்டு மைய அரசு இதனை உணவுக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் மருந்துகளும் உணவுக் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீவனத்தில் சேர்ப்பது 2006 முதல் அறவே நிறுத்தப்பட்டுள்ளது.

இதனால் குழந்தைகளுக்குக் கறியும் முட்டையும் வேண்டாம் என்று பொருளல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். புரதமும் இரும்புச்சத்தும் அவர்களுக்கு மிகத் தேவை. ஆகவே ஈரலைத் தவிர்ப்பது தீர்வன்று. எச்சமில்லாத ஈரலைக் கொடுப்பதே தீர்வு. அது வளர்ப்பவர் கையில்தான் உள்ளது.

எத்தனை நாட்கள் காத்திருக்க வேண்டும்?

கால்நடை மருந்துப் புட்டியின் மேல் விலக்குக் காலம் குறிக்கப்பட வேண்டும் என்பது 2012 முதல் நம் நாட்டில் விதி. ஒரு மருந்துக்குத் தனியாக நாள் உறுதி செய்யப்படவில்லையெனில், கீழ்க்கண்டவாறு குறைந்தது காத்திருக்க வேண்டும்.

1. பால், முட்டை: 7 நாட்கள்.
2. ஆடு, மாடு, பன்றி, கோழி இறைச்சி (ஈரல், குடல், கொழுப்பு உட்பட): 28 நாட்கள்.
3. மீன்: 500 'வெப்ப நாட்கள்'. குளத்து நீரின் சராசரி வெப்பம் 25 டிகிரி எனில் 20 நாட்கள்.

கடைசி மருந்து கொடுத்த நாளிலிருந்தே இதனைக் கணக்கிட வேண்டும். நாற்பதாம் நாளில் விற்கும் கறிக்கோழிக்கு 28 நாள் விலக்குடைய மருந்தைப் பன்னிரண்டாம் நாளுக்குப் பின் கொடுக்க இயலாது. ஆகவே மருந்து வாங்கும் முன்பே விலக்குக் காலத்தைக் கேட்டறிதல் நலம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வெள்ளைக் கழிச்சல், ஆட்டுக்கொல்லி, கோமாரி ஆகியவை நச்சுயிரி நோய்கள். கோழியின் வாயில் டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டுவதால் வெள்ளைக் கழிச்சல் தீராது; எச்சம்தான் சேரும். குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையில் தடுப்பூசியும் போடுவதே பாதுகாப்பு.

2. கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாட்கள் வரை கொடுக்கவும். மீதியான மருந்தை அடுத்த கால்நடைக்குக் கொடுக்க வேண்டாம்.

3. ஊசி போட்ட ஆட்டின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டவும். மருந்தின் பெயர், தேதி, விற்கக்கூடிய நாள் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து வைக்கவும்.

4. தீபாவளிக்கோ கோயில் கிடா வெட்டுக்கோ விற்க எண்ணும் ஆடுகளை ஒரு மாதம் முன்பே பிரித்துக்கொண்டு, குடற்புழு நீக்கம் முதலியவற்றை அதற்கு முன்னரே முடிக்கவும். குடற்புழு மருந்துக்கும் விலக்குக் காலம் உண்டு.

5. மருந்து ஏற்றிய மாட்டின் பாலைத் தனியே கறந்து கீழே ஊற்றவும். கன்றுக்கும் அதனைக் கொடுக்கலாகாது.

6. நோயுற்ற கால்நடையை மருத்துவர் பார்க்காமல் அறுக்க வேண்டாம். இறந்துபோனால் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்கவும். கால்நடைக் காப்பீடு செய்து வைத்தால், அவசரமாகத் தள்ளிவிடும் நிலை நேராது.

7. கொடுத்த டெட்ராசைக்ளினில் பெரும்பகுதி சாணத்திலும் எச்சத்திலும் அப்படியே வெளியேறுகிறது. பண்ணைக் கோழி எருவைப் பச்சையாகக் கீரைப் பாத்தியில் இடாமல், நன்கு மக்கவைத்துப் பின் இடவும்.

இருபத்தெட்டு நாள் தீவனச் செலவு சிறிதன்று என்பதை அறிவோம். ஆயினும் ஆடு குணமாகி, எடை ஏறி, நல்ல விலைக்குப் போவதும் அந்த நாட்களில்தான். நம்மிடம் ஆடு வாங்குபவர் அதன் எடையைப் பார்த்து வாங்குவார்; ஊசி போட்டதைப் பார்க்க அவரால் இயலாது. அதனை அறிந்தவர் வளர்த்தவர் ஒருவரே. ஆகவே கழுத்தில் சிவப்புக் கயிறு இருக்கும் வரை ஆடு தொழுவத்திலேயே இருக்கட்டும்.